பென்சிலால் எழுதிய உன் பெயர்

ஏழுமலை,

உன் பையை மூடிவிட்டேன். சட்டை, பேண்ட், சர்டிபிகேட் எல்லாம் மேலே இருக்கின்றன. அடியில் மடவைக் கருவாட்டுப் பொட்டலம், அதற்கும் அடியில் இந்தக் கடிதம். கருவாட்டை வெளியே எடுத்தால்தான் கடிதம் கைக்குக் கிடைக்கும். அப்படியாவது போன அன்றைக்கே அதை வறுத்துச் சாப்பிடுவாய் என்று நினைத்துத்தான் இப்படி வைத்தேன். காகிதத்தில் வாசம் அடிக்கிறதே என்று மூக்கைப் பிடிக்காதே, அந்த வாசத்தில்தான் நீ வளர்ந்தாய். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திக்கொள். உன் ஆபீஸில் கூட இருப்பவர்கள் யாராவது கேட்டால் அவர்களுக்கும் படிக்கக் கொடு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நாளை மறுநாள் நீ வேறொரு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் வேலைக்குச் சேருகிறாய். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை வளர்ப்புக்கு எடுத்தவர்களின் வீடுகளுக்குப் போய், பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதப் போகிறாய். சந்தையில் மீன் கூடையை இறக்கும் முன்பே இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். "எம்மவன் ஆபீசரு" என்று. "போதும்மே, நேத்தும் இதேதான் சொன்ன, மடவை இன்னா வெலைன்னு சொல்லு" என்கிறார்கள். சொல்லட்டுமே. உன்னையும் அப்படி ஒருவர் பார்த்து எழுதினார், ஏழுமலை. அவர் எழுதியதோடு நானும் உன் நைனாவும் எட்டு மாதம் மல்லுக்கட்டினோம். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லை. ஊரையே அதட்டுகிற வாய்க்கு இது ஒன்று மட்டும் வரவில்லை.

நீ எங்களிடம் வந்தபோது உனக்கு எட்டு வயது. உன்னைப் பெற்றவள் பொன்னேரிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்தவள், காய்ச்சலில் போய்விட்டாள். கேட்டு வர சொந்தம் என்று யாரும் இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம், வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்டதில்லை. வளர்ப்புக்குக் கையெழுத்துப் போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நெத்திலிக் குழம்பு வைத்தேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "முள்ளு குத்தும்" என்றாய். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு பிள்ளை மீன் முள்ளுக்குப் பயப்படுகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உன் நைனா சிரிக்கவில்லை. மூன்று மாதம், ஒவ்வொரு வேளையும், உன் தட்டில் இருந்த மீனை முள் எடுத்து உதிர்த்து வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். நீ அவரை அதுவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவாய். ஒரு நாள் மத்தியானம் அவர் தலைவாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து "நைனா, சோறு ஆறுது" என்று ஒரு குரல் வந்தது. அவர் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் வலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார்.

இப்போது பாடு நோட்டுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உன் ஆபீஸ்காரர்கள் படித்தால் விளங்க வேண்டுமே. ஏரியில் இறால் கூடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று நம் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். யார் யாருக்கு முறை உண்டோ அவர்களுடைய பெயர் நோட்டில் இருக்கும். அப்பனுக்குப் பிறகு மகன். மகன் இல்லாதவனுடைய முறை அவனோடு போயிற்று. உன் நைனாவின் பெயருக்குக் கீழே பதினான்கு வருடமும் ஒரு வரி காலியாகவே கிடந்தது. நீ வந்து இரண்டு வருடம் கழித்து, அவர் ஊர்த் தலைவரிடம் போய் நின்றார். "ஊரான் புள்ளைக்குப் பாடாடா?" என்று சிலர் எகிறினார்கள். உன் நைனா சண்டை போடத் தெரியாத மனிதர். "எம்புள்ளைக்குத்தான் கேக்கறேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். கடைசியில் தலைவர், "சரி, பென்சில்ல எழுதி வைக்கறேன். பையன் பெரியவனானா அப்பப் பேனால எழுதிக்கலாம்" என்று எழுதினார். அன்றைக்கு உன் நைனா நடந்து வந்த நடையை நான் எங்கள் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்த ஆபீசர் வந்தார். வேலைக்குப் புதுசு. பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து, ஷூவெல்லாம் சேறாக வந்து நின்றார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் சோடா வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. உன் புத்தகங்களைப் பார்த்தார், நீ படுக்கும் இடத்தைப் பார்த்தார். உன் விரலில் துணி சுற்றியிருந்தது. ஏன் என்று கேட்டார், "நண்டு" என்றாய். கூடையில் இருந்த நண்டை நோண்டி வாங்கிக்கொண்ட கடி. அவர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, "பையனை உங்க பிள்ளை மாதிரி பாத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மாதிரி என்ன மாதிரி? "இன்னா சார் மாதிரி கீதிரின்னுகினு? பாடு நோட்டுலயே பேரு ஏத்திட்டோம் சார், வந்து பாருங்க" என்று அவரை ஊர்ப் பொதுக் கட்டிடத்துக்கே இழுத்துக்கொண்டு போனேன். நோட்டை விரித்து, உன் பெயரை விரல் வைத்துக் காட்டினேன். "எங்க ஊர்ல இந்த வயசுல எந்தப் புள்ளைக்கும் ஏத்த மாட்டாங்க. இவனுக்கு மட்டும்தான்" என்று வேறு பீற்றிக்கொண்டேன். அவர் செல்போனில் படம் எடுத்தார். பெருமைக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, வெளிச்சம் படும்படி நோட்டைத் திருப்பிக் காட்டியவளும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால். குழந்தை மீன்பிடித் தொழிலில் ஈடுபடுத்தப்படுவதாகத் தெரிய வருகிறது, ஆகவே குழந்தையை ஏன் வேறு இல்லத்துக்கு மாற்றக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று போட்டிருந்தது. உன் நைனா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இன்னாமே இது? யாரு போய்ச் சொன்னது?" என்றார். ஏழுமலை, படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் நான்தான். ஆனால் வாயைத் திறந்து அவரிடம் சொல்ல முடியவில்லை. பதினான்கு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளையை என் பீற்றலுக்கு வாரிக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? "பக்கத்து வூட்டு சரோஜாதான். அவளுக்குத்தான் நம்மளப் பாத்தா வயித்தெரிச்சல்" என்றேன். சொன்னதோடு விடவில்லை. அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். அவள் பாவம், அரிசி களைந்த கையோடு விழித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து பதினோரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. நீயும் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய், நான் சொல்லிக் கொடுத்ததுதானே.

விளக்கம் எழுதத் தெரியாமல் நேரே ஆபீஸுக்குப் போனேன். போய் வழக்கம்போல் கத்தினேன். "எழுதினது எழுதினதுதாம்மா" என்று ஒருவர் கதவைக் காட்டினார். வராண்டாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அங்கே டைப் அடிக்கும் ஒரு அம்மா டீ குடிக்க வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்தார். "கத்தாதீங்கம்மா. கத்தினா அதையும் எழுதிடுவாங்க. முதல்ல ரிப்போர்ட் நகல் வேணும்னு மனு கொடுங்க. கைக்கு வந்ததும், எந்த வரி தப்போ அந்த வரிக்கு நேரா நெஜம் என்னன்னு எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் வைங்க" என்றார். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீ போகும் ஆபீஸில் யாராவது வராண்டாவில் உட்கார்ந்து அழுதால், நீயும் உன் டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார். மனு எழுதத் தெரியாதவர்கள்தான் கத்துவார்கள்.

மனு கொடுத்ததில் அந்தப் பதினைந்து நாள் கெடுவைத் தள்ளி வைத்தார்கள். நகல் வாங்கவே ஆறு நடை ஆயிற்று. ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் அவர்கள் எழுதியது, வலது பக்கம் நடந்தது. 'இரு கைகளிலும் காயங்கள் காணப்பட்டன.' ஒரு விரல், நண்டு கடித்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. 'வளர்ப்புத் தந்தை பல இரவுகளில் வீட்டில் இருப்பதில்லை.' மீன் பகலிலேயே பிடிபட்டால் அவரும் பகலிலேயே போவார், நான் வீட்டில்தான் இருக்கிறேன். 'வளர்ப்புத் தாய் எதிர்த்துப் பேசும் இயல்புடையவர்.' இதற்கு நேராக 'இது உண்மை' என்று எழுதினேன். டைப் அடிக்கும் அம்மா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மிச்சம் இருந்தது அந்தப் பெரிய வரிதான். வேலை செய்யவில்லை என்பதற்கு எங்கே போய் ஆதாரம் தேடுவது? உன் நைனாதான் கண்டுபிடித்தார். "நம்ம முறை எந்தெந்த நாளுன்னு நோட்டுல தேதியோட கீதே. முறைன்னா ராவுல எறங்கி மத்தியானம் வரைக்கும் ஏரியிலதான். அந்த நாள்ல எல்லாம் புள்ள எங்க இருந்தான்னு பள்ளிக்கூடத்துல கேளு" என்றார். படிக்காத மனிதருக்கு வந்த யோசனையைப் பார். உன் தலைமையாசிரியை வருகைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகச் சொல்லச் சொல்ல, நான் டிக் போட்டேன். எல்லா நாளும் நீ வகுப்பில் இருந்தாய். ஒரே ஒரு நாள் தவிர. தை மாதத்து வியாழக்கிழமை ஒன்று.

அந்த வியாழக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் வருவேன் என்று வலையைப் பிடித்துக்கொண்டு நீ அழுத அழுகையில் உன் நைனா உருகிப் போய், "ஒரு தபாதாமே, வேடிக்கை பாத்துட்டு வரட்டும்" என்று உன்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். முகத்துவாரத்துக்குக் கிட்டே அலை ஆட்டியதும் நீ வாந்தி எடுத்தாய். அவர் போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்தற்கரிய முறை நாளையும் விட்டுவிட்டு, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அவ்வளவுதான் நீ செய்த மீன்பிடித் தொழில். ஆனால் அதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று எனக்குப் பயம். ஆபீஸில் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்கு முதல் நாள் உன்னை உட்கார வைத்துச் சொன்னேன். "அன்னிக்கு எங்கடா போனன்னு கேட்டா காய்ச்சல்னு சொல்லணும், தெரியுதா?" உன் நைனா, "வேணாமே, புள்ளைக்குப் பொய் கத்துத் தராத" என்றார். "நீ சும்மா கெடய்யா" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

விசாரணை நடந்த அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். ஓரத்தில் நம் வீட்டுக்கு வந்த ஆபீசர். மேடம் என் நீள நோட்டைப் பொறுமையாகப் படித்தார். பிறகு உன்னைக் கிட்டே கூப்பிட்டு, "இந்த ஒரு நாள் மட்டும் ஸ்கூலுக்கு வரலையே, எங்கப்பா போன?" என்று கேட்டார். நான் பின்னாலிருந்து இருமினேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய், நைனாவைப் பார்த்தாய். பதினோரு வயதுப் பிள்ளை நீ. "நைனாவோட போட்டுல போனேன் மேடம். நான்தான் அழுது போனேன். அம்மா காய்ச்சல்னு சொல்லச் சொல்லிச்சு" என்றாய். பிள்ளை போயிற்று என்றே நினைத்துவிட்டேன். மேடம், "அப்புறம்?" என்றார். "வாந்தி எடுத்தேன். நைனா வலைய உட்டுட்டு என்னைத் தூக்கிக்கினு வந்துட்சி. எனக்கு போட்டே புடிக்கல மேடம். ஸ்கூல்தான் புடிக்குது. எங்கூட்டுலயே இருக்கறேன் மேடம்" என்றாய்.

மேடம் என்னைப் பார்த்து, "பையனைப் பொய் சொல்லச் சொன்னீங்களாம்மா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் எதிர்த்துப் பேசாத ஒரே இடம் அதுதான். அப்போது உன் நைனா எழுந்தார். நாலு பேர் முன்னால் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அவ பயத்துல சொல்லிட்டா மேடம், புள்ள போய்டுமேன்னு. பாடு நோட்டுல பேரு எழுதறது வேலைக்கு இல்ல மேடம். எனக்கு அப்புறம் இவன் கீறான்னு ஊருக்குச் சொல்றது. எங்க ஊர்ல ஒருத்தனுக்குப் புள்ள கீதுன்றதுக்கு அதுதான் சர்டிபிகேட்டு" என்றார். அந்த ஆபீசர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மேடம், அந்த நோட்டுக்கு என்ன அர்த்தம்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம எழுதிட்டேன்" என்றார். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. உன் வேலையில் நீயும் என்றைக்காவது தப்பாக எழுதுவாய், ஏழுமலை. மனிதன்தானே. அன்றைக்கு அந்த ஆபீசர் மாதிரி எழுந்து நின்று சொல்லு. அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மறுபடி விசாரித்துப் புது ரிப்போர்ட் எழுதினார்கள். நீ எங்களிடமே இருக்கலாம் என்று ஆர்டர் வந்தது. பழைய தாளைக் கிழித்துப் போடச் சொல்லிக் கேட்டேன். "கிழிக்க முடியாதும்மா. புதுசை அதுக்கு மேல வைக்கத்தான் முடியும்" என்றார் டைப் அடிக்கும் அம்மா. அப்படியானால் அந்த ஃபைலில், இரண்டு கையிலும் காயம் பட்ட ஒரு பையன் இன்றைக்கும் இருக்கிறான். அவன் நீ இல்லை. ஆனால் அடியில் கிடக்கிறான். நீ பேனாவை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். ஒரு வீட்டில் உனக்கு விளங்காத எதையாவது பார்த்தால், இது உங்கள் ஊரில் எதற்கு என்று கேள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டிவிட்டுக் கிளம்பு. கொடுக்கிற சோடாவைக் குடி.

ஆர்டரில் ஒரு நிபந்தனையும் இருந்தது. பதினெட்டு வயது ஆகும்வரை உன் பெயர் பாடு நோட்டில் இருக்கக் கூடாது. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். உன் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு உன் நைனாவே போனார். தலைவர், "நான் அழிக்கறேன், குடுப்பா" என்று சொல்லியும் இவர் கேட்கவில்லையாம். அழித்துவிட்டு வந்தவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "பேருதான போச்சு, புள்ள கீறானே" என்று நான்தான் சொல்லிச் சொல்லித் தேற்றினேன். சொல்லும்போதெல்லாம், அந்தப் பெயரை அழிக்க வைத்தவள் நான்தான் என்று உள்ளே குத்தும்.

பதினெட்டு முடிந்ததும் ஃபைலை மூடிவிட்டார்கள். இனி இங்கே இருந்துதான் ஆக வேண்டும் என்று உனக்கு எந்தச் சட்டமும் இல்லை. நீ காலேஜுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தாய், மழையில் கூரை மாற்றினாய், நைனாவுக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூடவே நின்றாய். பொன்னேரியில் ஃபார்ம் நிரப்பும்போது அப்பா பெயர் என்ற இடத்தில் நீ யோசிக்காமல் எழுதியதை நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உனக்குத் தெரியாது.

நேற்று சரோஜா வீட்டுக்குப் போனேன். "அன்னிக்குச் சொன்னது நீ இல்லமே, நான்தான். என் வாய்தான்" என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும். ஊரு பூரா பீத்திக்கினு திரிஞ்சவ ஆபீசரண்ட மட்டும் சொல்லாமயா உட்ருப்ப? நீயா வந்து சொல்றியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு கருவாடு கட்டிக் கொடுத்தாள். உன் பையில் இருப்பது அவள் கொடுத்ததுதான். அடுத்த தடவை வரும்போது அவளிடம் நின்று பேசு. உன் நைனாவிடமும் நேற்றுச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். "தெரியும்மே" என்றார். அவருக்கும் தெரியுமாம். பதினோரு வருடம் நான் ஒருத்திதான் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

இன்னும் ஒன்று, நைனா வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது. போன ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி இந்த வருடத்துப் பாடு முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். தலைவர் நோட்டை விரித்து, நைனா பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதினாராம். இவர் கேட்கவே இல்லை. "அவன் ஆபீசரு வேலைக்குப் போறான், ஏரிப் பக்கம் எட்டிப் பாப்பானா? அவனுக்கு எதுக்குப்பா பாடு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "வேலைக்கு இல்லப்பா. புள்ளன்னு எழுதறோம்" என்றாராம் தலைவர். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பேனாவால் எழுதியிருக்கிறது. கீழே பழைய பென்சில் அழுத்திய தடம் இன்னும் கைக்குத் தெரிகிறது.

உன் முறை மாசி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு உன் பெயரில் நைனா வலை போடுவார். அந்த இறாலை நான் சந்தைக்குக் கொண்டுபோக மாட்டேன், நீ வந்து சாப்பிட வேண்டும். லீவு கேட்டு எழுதும்போது காய்ச்சல் என்று எழுதாதே. என் முறை நாள் என்று எழுது.

அம்மா